கியர் ஏன் கழன்று வருகிறது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுள், பால் லோரியின் முன்னிருக்கையில் ஒரு முறையேனும் அமர ஆசைப்படாத சிறுவர் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த வாய்ப்பு 1960-களின் பிற்பகுதியில் கிடைத்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அது ஒரு பழைய பிரிட்டிஷ் லோரி. வெட்டுக்காட்டிலிருந்து பாலை ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் ஆலைக்கு இறங்க வேண்டும். ஓட்டுநர் அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, சும்மா உட்காராதே. இந்தக் கியர்க் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். விட்டால் கழன்று வந்துவிடும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. லோரியையே நான்தான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பு! நான் இல்லாத நாட்களில் அந்த வேலையை ஒரு பழைய சைக்கிள் டியூப் செய்தது. கியர்க் கம்பியை இருக்கையின் காலோடு சேர்த்து அது இழுத்துக் கட்டியிருக்கும்.

ஒரு நாள் காலை, இறக்கத்தின் நடுவில் அந்த டியூப் அறுந்தது. கியர் 'டக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. அதுவரை எஞ்சின் பிடித்து நிறுத்தியிருந்த பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்தது. பிரேக்கால் தாங்க முடியவில்லை. ஓட்டுநர் அண்ணன் சமயோசிதமாக லோரியைச் சாலையோரத்து லாலாங் மேட்டில் ஏற்றிச் சாய்த்து நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடி, மழைக்கு அஞ்சி ஓடி ஓடி வெட்டிச் சேர்த்த பால் அத்தனையும் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது. பள்ளி விட்டு வந்து நானும் போய்ப் பார்த்தேன். என் தாயார் வெட்டிய பாலும் அதில் இருந்தது.

பல்லோடு பல் கோத்து நிற்கும் இரும்புச் சக்கரங்கள் தாமாகவே கழன்று வருமா? அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது கையா, கயிறா, இரும்பா? மோட்டார் வண்டியின் வரலாற்றைப் புரட்டினால், இந்த ஒரு கேள்விக்காகப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருப்பது தெரிகிறது. அந்த வரலாற்றை அறிந்தவருக்கு, பழைய வண்டியில் கியர் கழன்றால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் இன்றைய பேச்சில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'கியர் நழுவுகிறது' என்று நாம் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். மேடு ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, ஆனால் கியர்க் கம்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றால் அது கிளட்ச்சின் கோளாறு. கம்பியே தன் இடத்தை விட்டு நியூட்ரலுக்குத் தாவினால், அதுதான் கியர் கழலும் நோய். வயிற்றுவலிக்காரனுக்குப் பல்லைப் பிடுங்குவது போல, கிளட்ச் தேய்ந்த வண்டிக்குக் கியர்ப் பெட்டியைப் பிரித்துப் போடுவதும் உண்டு. ஆகவே எந்த நோய் என்று முதலில் தெளிய வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சமதரையில் வண்டி ஓடியது. மேடு வந்ததும் திணறியது. மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய அந்த அம்மையார், மேடு ஏறுவதற்கென்று வேகம் குறைந்த ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் எடுத்துச் சொன்னார். மேட்டில் வண்டி தள்ளிய குடும்பத்தின் அனுபவத்திலிருந்தே அந்தக் கோரிக்கை பிறந்தது.

கியர் என்ன செய்கிறது? சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், வலிமை கூடும். கடப்பாரை போல இதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். மேட்டில் வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகிறோம். சமதரையில் வலிமையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். இறக்கத்தில் இதே கியர் இன்னொரு வேலையும் செய்கிறது. சக்கரங்கள் எஞ்சினைச் சுற்ற முயலும்போது, எஞ்சின் தன் எதிர்ப்பால் வண்டியை அடக்குகிறது. கியர் கழன்றால் அந்தப் பிடிமானம் ஒரே நொடியில் போய்விடும்.

பிரான்சு நாட்டில் எமில் லெவாஸோர் என்பவர் 1891-ஆம் ஆண்டளவில் ஓர் அமைப்பை வகுத்தார். எஞ்சினை முன்னால் வைத்தார். அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே கியர்கள், கடைசியில் பின்சக்கரங்கள். பின்வந்த கார்களில் மிகப் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்கு இந்த வரிசையையே பின்பற்றின. 1895-இல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் அவர் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தூரத்தை 49 மணி நேரத்திற்குள் ஓட்டி முடித்தார்.

அவருடைய கியர்கள் வழுக்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தவை. ஒரு தண்டின் மேல் பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, மற்றொரு தண்டில் சுழலும் சக்கரத்தோடு நேராக மோதிக் கோக்க வேண்டும். தொடக்கத்தில் இந்தச் சக்கரங்கள் திறந்தபடியே சுழன்றன. பின்னரே எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் சென்றன. 'கியர்ப் பெட்டி' என்ற பெயருக்குப் பொருள் வந்தது அதன் பிறகுதான். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது கோத்தால் 'கறகற' என்று பற்கள் அரைபடும். இது முரட்டு முறைதான், ஆனாலும் வேலை செய்கிறது என்று லெவாஸோரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இந்த முரட்டு முறையில்தான் நம்முடைய நோயின் முதல் விதை இருக்கிறது. பற்கள் மோதி மோதி அவற்றின் முனைகள் தேயும். சதுரமாக இருந்த பல், முனையில் மெலிந்து ஆப்பு வடிவம் கொள்ளும். அதன் பிறகு என்ன நடக்கும்? தோலை நீக்கிய ரம்புத்தான் பழத்தை ஈர விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த அது நழுவி வெளியே பாயும். ஆப்பு வடிவில் தேய்ந்த பற்களும் அப்படியே. எஞ்சின் எவ்வளவு வலிமையோடு தள்ளுகிறதோ, அவ்வளவு வலிமையோடு ஒரு சக்கரம் மற்றொன்றைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். கியர் தானாகக் கழல்வதில்லை. ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது. இந்தப் பேச்சில் நேயர்கள் மறக்காமல் மனத்தில் வைக்க வேண்டிய வாக்கியம் இதுதான்.

1898 டிசம்பர் 24-ஆம் நாள், லூயி ரெனோ என்ற இருபத்தொரு வயது இளைஞர் தாமே செய்த சிறிய காரில் பாரிஸ் நகரின் செங்குத்தான லெபிக் தெருவில் ஏறிக் காட்டினார். அவருடைய கியர்ப் பெட்டியில் ஒரு புதுமை இருந்தது. உயர்ந்த கியரில் வலிமை பல சக்கரங்களைச் சுற்றிப் போகவில்லை. எஞ்சினிலிருந்து வரும் தண்டும் பின்சக்கரத்திற்குப் போகும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நேராகக் கோத்துக்கொண்டன. இதை நேரடி இணைப்பு என்பர். பின்வந்த கார்களில் டாப் கியர் பெரும்பாலும் இப்படியே அமைந்தது. இரு தண்டுகளும் நேர்கோட்டில் இருக்கும் வரையில் இந்த முறை மிகச் சிறந்தது. கோடு சற்றுக் கோணினால்? அதற்குப் பின்னர் வருவோம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வேறு வழியில் போனார். 1908-இல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற அவருடைய 'மாடல் டி' காரில் வழுக்கும் கியர்களே இல்லை. சிறு சக்கரங்கள் ஒரு நடுச் சக்கரத்தைச் சுற்றிவரும் அமைப்பு அது. பற்கள் எப்போதும் கோத்தே இருந்தன. ஆனால் மேடு ஏறுவதற்கான தாழ்ந்த கியர் வேண்டுமென்றால், இடது கால் மிதியை ஓட்டுநர் அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். காலை எடுத்தால் அந்தக் கியர் போய்விடும். அதாவது, கியரைப் பிடித்து வைக்கும் வேலையை மனிதனுடைய கால் செய்தது. அடுத்து வந்த 'மாடல் ஏ' காரில் ஃபோர்டும் வழுக்கும் கியருக்கே திரும்பிவிட்டார்.

வழுக்கும் கியர் தன் இடத்தில் நிற்க என்ன ஏற்பாடு? இங்கேதான் ஒரு சின்னஞ்சிறு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியர்க் கம்பியை நாம் அசைக்கும்போது, பெட்டிக்குள் ஓர் இரும்புத் தண்டு முன்னும் பின்னும் நகர்கிறது. அந்தத் தண்டில், உண்டிவில்லின் கவட்டை போன்ற ஒரு கவை பொருத்தப்பட்டிருக்கிறது. பட்டறையில் இதை 'ஃபோர்க்' என்பார்கள். கவை நகர்ந்து கியரைத் தள்ளுகிறது. தண்டில் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டியிருக்கும். ஓர் எஃகுக் குண்டு, பின்னாலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தத்தால், குழிக்குள் போய் உட்காரும். கியர் போடும்போது கையில் 'டக்' என்று உணர்கிறோமே, அது இந்தக் குண்டு குழியில் விழும் உணர்வுதான்.

குண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள வேலை ஓர் எல்லைக்குட்பட்டது. குலுக்கலில் தண்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் கடமை. ஆப்பாகத் தேய்ந்த பற்கள் தள்ளும்போது அதை எதிர்த்து நிற்கும் வலிமை அந்தச் சிறு ஸ்பிரிங்குக்குக் கிடையாது. அப்படியானால் கியரை உண்மையில் பிடித்து வைப்பது எது? பற்களின் வடிவந்தான்.

இதை உணர்ந்த பொறியாளர்கள் பெரிய சக்கரங்களை நகர்த்துவதையே விட்டுவிட முயன்றார்கள். எல்லாச் சக்கரங்களும் எப்போதும் கோத்தே சுழலட்டும். எது தண்டோடு சேர்ந்து சுழல வேண்டும் என்பதை மட்டும் ஒரு வளையம் தீர்மானிக்கட்டும். இந்த வளையம் பக்கவாட்டில் வழுக்கி, சக்கரத்தின் பக்கத்திலுள்ள சிறு பற்களோடு கோத்துக்கொள்ளும். இச்சிறு பற்களைப் பட்டறையில் 'டாக்' என்பார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்ப்ஸன் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தார். பற்கள் சந்திக்குமுன் இரண்டு கூம்பு வடிவப் பகுதிகள் உராய்ந்து, வேகத்தை ஒன்றாக்கிவிடும். 'சின்க்ரோமெஷ்' என்ற இம்முறை 1928-இல் கேடிலாக் கார்களில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கார்களிலும் பரவியது. 'கறகற' ஓசை அடங்கியது.

டாக் பற்களைச் செதுக்குவதிலும் ஒரு நுட்பம் புகுந்தது. பல்லின் முனையைவிட அடிப்பகுதியைச் சற்று ஒடுக்கமாக வெட்டினார்கள். இப்படி வெட்டிய பற்களின் மேல் பாரம் விழுந்தால் அவை ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைப் போல என்று சொல்லலாம். ரம்புத்தானுக்கு நேர் எதிர். முன்பு கையும் காலும் பட்ட பாட்டை இப்போது இரும்பின் வடிவமே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வடிவம் தேயாமல் இருக்கும் வரையில்தான்.

நேயர்களே, இந்த வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு. தொடக்ககாலக் கார்களில் எஞ்சினை இரும்புச் சட்டத்தோடு நேராக முடுக்கிவிடுவது வழக்கம். வண்டி முழுவதும் அதிரும். 1931-இல் அமெரிக்காவின் பிளைமவுத் கார், எஞ்சினை ரப்பரின் மேல் மிதக்கவிடும் முறையைப் பரவலாக அறியச் செய்தது. அதன் பின் உலகெங்கும் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ரப்பர்த் துண்டுகளின் மேல் அமர்ந்தன. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளிலிருந்து தொடங்கிய கதை, டயரோடு நிற்காமல் எஞ்சினின் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய பால் எத்தனை தேசத்துக் கார்களைத் தாங்கியிருக்கும்!

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு. எண்ணெய்தான் அந்தப் பகை. எஞ்சின் எண்ணெய் கசிந்து அதன் மேல் ஊறினால் ரப்பர் உப்பி, இளகி, நாளடைவில் நசுங்கிவிடும். அப்போது எஞ்சினும் கியர்ப் பெட்டியும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948-இல் பிரிட்டனில் இரண்டு வண்டிகள் பிறந்தன. ஒன்று மோரிஸ் மைனர். மற்றொன்று லேண்ட் ரோவர். இரண்டும் மலாயாச் சாலைகளில் நன்கு அறிமுகமானவை. மோரிஸ் மைனரில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு சின்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்கு இல்லை. லேண்ட் ரோவரில் 1971-இல் மூன்றாம் வரிசை வரும் வரை, மூன்றாம் நான்காம் கியர்களுக்கு மட்டுமே அது இருந்தது. ஆகவே இந்த வண்டிகளுக்குள் இரண்டு காலங்கள் சேர்ந்து வாழ்கின்றன. மேல் கியர்கள் தாம்ப்ஸன் காலத்தவை. கீழ்க் கியர்களைப் போடும்போது ஓட்டுநர் லெவாஸோர் காலத்துப் பொறுமையைக் காட்ட வேண்டும். வண்டி முழுவதும் நிற்குமுன் முதல் கியரையோ ரிவர்ஸையோ திணித்தவர்கள், அந்தப் பற்களைத் தாங்களே ஆப்பாகச் செதுக்கியவர்கள்.

இனி, இப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்று நம் கையில் இருந்து, அதில் கியர் கழன்று வந்தால் என்ன செய்வது? பெட்டியைப் பிரிக்குமுன் வண்டியிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: எல்லாக் கியரும் கழல்கிறதா, ஒன்று மட்டுமா? பல கியர்கள் கழன்றால் கோளாறு பெரும்பாலும் பொதுவான இடத்தில்தான் இருக்கும். முதலில் வெளியே பாருங்கள். கியர்க் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறையோ, தடித்த கால்விரிப்போ, தரைத் தகட்டின் விளிம்போ கம்பியை முழுதும் போகவிடாமல் தடுக்கிறதா? ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள வண்டியானால், இணைப்புக் கம்பிகளின் மூட்டுகள் தேய்ந்து ஆடுகின்றனவா? எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கின்றனவா? கியர்ப் பெட்டியைக் கிளட்ச் உறையோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா? இவற்றைப் பார்க்க ஒரு கைவிளக்கும் கால்மணி நேரமும் போதும்.

இரண்டாம் கேள்வி: எப்போது கழல்கிறது? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதா, காலை எடுக்கும்போதா? பிற்காலக் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. அவை சத்தம் குறைவாகச் சுழலும். ஆனால் சாய்ந்த பல் தண்டைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும், காலை எடுக்கும்போது மறுபக்கமும் தள்ளும். பேரிங் தேய்ந்தாலோ, தண்டின் முனையிலுள்ள நட்டு தளர்ந்தாலோ, இடைவெளி காக்கும் வளையங்கள் தேய்ந்தாலோ, தண்டுக்கு முன்பின் ஆட்டம் வந்துவிடும். காலை எடுத்த மாத்திரத்தில் கழன்றால் இந்த ஆட்டத்தையும், எஞ்சின் ரப்பர்களையும் சந்தேகிக்க வேண்டும். மேட்டில் அழுத்தி ஏறும்போது கழன்றால், தேய்ந்த பற்களையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போது மட்டும் கழன்றால், குண்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சில வண்டிகளில் இவற்றைப் பெட்டியை இறக்காமலே வெளியிலிருந்து மாற்றலாம்.

மூன்றாம் கேள்வி: கழல்வது எந்தக் கியர்? டாப் கியர் மட்டும் என்றால், லூயி ரெனோவின் நேரடி இணைப்பை நினைவுகூருங்கள். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? பெட்டியை முன்பு இறக்கி ஏற்றியபோது இரண்டு முகங்களுக்கும் இடையில் மண்ணோ பிசிறோ சிக்கியிருந்தால் கோடு கோணிவிடும். தண்டின் நுனியைத் தாங்கும் சிறிய புஷ் தேய்ந்தாலும் அப்படியே. முதல் கியரோ ரிவர்ஸோ மட்டும் என்றால், அரைபட்டு ஆப்பான பற்களே பெரும்பாலும் குற்றவாளி. நடுக் கியர் ஒன்று மட்டும் என்றால், அதன் கவை வளைந்திருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். வளையத்தின் பற்களோ டாக் பற்களோ மழுங்கியிருக்கலாம்.

நான்காம் கேள்வி: எண்ணெய் என்ன சொல்கிறது? பெட்டியின் எண்ணெயை ஒரு சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். பொன்னிறப் பொடி மின்னினால் சின்க்ரோமெஷ் வளையங்கள் தேய்கின்றன. எஃகுத் துணுக்குகள் கிடந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. தயாரித்தவர்கள் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். கனத்த எண்ணெய் ஊற்றினால் கியர் கழல்வது நிற்கும் என்று நினைப்பது தவறு. கந்தகம் கலந்த சில கியர் எண்ணெய்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரித்துவிடும்.

வண்டிக்கு அடியில் படுக்குமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே நுழையக் கூடாது. கியர்ப் பெட்டி கனமானது. அதை இறக்கும் வேலை பழகிய கைகளுக்கு உரியது. நாம் செய்ய வேண்டியது, பழகிய கைகளிடம் சரியான குறிப்பைச் சொல்வது. "கியர் கழல்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "இரண்டாம் கியர், இறக்கத்தில், காலை எடுத்தவுடன் கழல்கிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. வீண் செலவும் குறையும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கின் பின்னால் வாஷர் வைத்து இறுக்குவதும், கம்பியைக் கயிற்றால் கட்டுவதும் நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. கையால் அழுத்திப் பிடித்தபடி ஓட்டுவது இன்னும் கெடுதல். நம் கையின் அழுத்தம் கம்பி வழியாகக் கவைக்குப் போகிறது. கவை, சுழலும் வளையத்தோடு ஓயாமல் உராய்ந்து தேய்கிறது. நல்ல கியர்ப் பெட்டியையே இந்தப் பழக்கம் கெடுத்துவிடும். கியர் போட்டதும் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் தோட்டத்து லோரிக்கு வருவோம். அதைப் பட்டணத்துப் பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். நானும் ஓட்டுநர் அண்ணனோடு போயிருந்தேன். கியர்ப் பெட்டியை உடனே பிரித்துவிடலாம் என்றார் அண்ணன். அங்கிருந்த வயதான சீன மெக்கானிக் தலையை ஆட்டினார். "தெங்கோக் டூலு" என்று மலாயில் சொன்னார். முதலில் பார் என்று பொருள். கைவிளக்கை எடுத்துக்கொண்டு லோரிக்கு அடியில் படுத்தார். சிறிது நேரத்தில் எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

கியர்ப் பெட்டியைத் தாங்கும் ரப்பர், எண்ணெயில் ஊறிக் களிமண்போல் நசுங்கியிருந்தது. அதனால் பெட்டி கீழிறங்கியிருந்தது. இரண்டாம் கியரைப் போட்டால், கியர்க் கம்பி தரைத் தகட்டின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். மேலே நமக்குக் கியர் விழுந்தது போலத் தோன்றும். உள்ளே பற்கள் பாதிதான் கோத்திருக்கும். இறக்கத்தில் காலை எடுத்தால் பாதிப் பிடி நழுவிவிடும். நான் பெருமையோடு பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பாதிப் பிடியைத்தான்.

ரப்பரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. மாதக்கணக்கில் பாதிப் பிடியில் ஓடியதால் பற்களின் முனைகள் ஆப்பாகிவிட்டன. கடைசியில் பெட்டியையும் இறக்கி, கியரையும் மாற்ற வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே குனிந்து பார்த்திருந்தால் சில வெள்ளியோடு முடிந்திருக்கும். கயிறு கட்டியதால் ஒரு கியரும், ஒரு நாள் பாலும் போயின. இன்னும் பெரிய இழப்பு நேராமல் காத்தது அந்த லாலாங் மேடு.

இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய கார்களுள் பெரும்பாலானவற்றில் கியரைக் கையால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களில், பழைய காரைத் தாத்தாவின் நினைவாகப் பாதுகாக்கும் பேரப்பிள்ளைகளும் உண்டு. அத்தகைய பிள்ளைகள் வண்டியைத் துடைத்து மெருகேற்றுவதோடு நிற்காமல், அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்த்தா பென்ஸ் மேட்டில் பட்ட பாடு முதல் தாம்ப்ஸனின் கூம்பு வளையம் வரை எல்லாம் அந்தச் சிறிய பெட்டிக்குள் இருக்கின்றன. அதைத் தாங்கும் ரப்பரில் நம் வீட்டுப் பெரியவர்களின் விடியற்காலை உழைப்பும் இருக்கிறது.

கழலும் கியரைக் கையால் பிடிக்காதீர்கள். அதைத் தள்ளுவது எது என்று தேடுங்கள். அந்த முதிய மெக்கானிக் சொன்னது போல, முதலில் பாருங்கள்.